ஓமன் பாலைவனத்தில் ஒரு கறுப்புக் கல்: எந்தச் சோதனையை நம்புவது, யாரிடம் கொடுப்பது?

மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த நேரம். ஓமனிலிருந்து அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலையில் சூப்பர்வைசர் அவன். ஜித்தத் அல் ஹராசிஸ் என்ற சமவெளியில் கேம்ப். வெளுத்த சுண்ணாம்புக்கல் தரையில் கைப்பிடி அளவில் கறுப்பும் பழுப்புமாக ஒரு கல், பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு பேனா.

"மாமா, வானத்துலேர்ந்து விழுந்த கல்லுன்னு இங்க சொல்றாங்க. கேம்ப் சமையக்கட்டு தராசுல 430 கிராம் இருக்கு. லீவுக்கு வரப்ப எடுத்துட்டு வந்துடவா? நீங்க பாத்து என்ன வகைன்னு சொல்லிடுவீங்கல்ல?"

சிதம்பரத்தில் ஜியாலஜி படித்து, முப்பது ஆண்டு கல்லூரியில் அதையே சொல்லிக்கொடுத்தவன் நான். கையில் வாங்கிப் பார்த்துவிடவேண்டும் என்ற ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அவன் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருந்தான். எந்தச் சோதனை வகையைச் சொல்லும் என்பது ஒன்று. கல்லை எங்கே கொண்டுபோவது என்பது இன்னொன்று. டெல்டாவிலிருந்து வளைகுடாவுக்குப் போயிருக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பதால், அவனுக்குச் சொன்னதை விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் வகை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். விழும்போது ஆட்கள் கண்டு எடுத்த விண்கற்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் 'சாதாரண கோண்ட்ரைட்' என்ற கல்வகை. பாலைவனத்தில் கண்டெடுப்பவற்றிலும் பெரும்பகுதி அதுதான். ஆகவே இந்தக் கல் விண்கல்லாக இருந்தால், அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் மூன்று குடும்பம்: ஹெச், எல், எல்எல். மூன்றுக்கும் வித்தியாசம் இரும்பில் இருக்கிறது. ஹெச் கல்லில் இரும்பு அதிகம், அதில் பெரும்பங்கு உலோகமாகவே இருக்கும்; எடையில் 15 சதவீதத்துக்கு மேல் நிக்கல் கலந்த உலோகம். எல் வகையில் ஏறக்குறைய அதில் பாதி. எல்எல்லில் உலோகம் சொற்பம். குடும்பம் தெரிந்தபின் மூன்று எண் சேரவேண்டும். கல் தன் தாய்க்கோளுக்குள் எவ்வளவு வெந்தது என்பதற்கு 3 முதல் 6 வரை. மோதலில் எவ்வளவு அடி வாங்கியது என்பதற்கு எஸ்1 முதல் எஸ்6 வரை. பூமிக்கு வந்தபின் எவ்வளவு துருவேறியது என்பதற்கு டபிள்யூ0 முதல் டபிள்யூ6 வரை. 'எல்6, எஸ்4, டபிள்யூ3' என்று எழுதினால் அதுதான் கல்லின் முழு விலாசம்.

எந்தச் சோதனை உகந்தது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. பாலைவனத்தில் கிடக்கும் கல்லில் முதலில் அழிவது உலோகம், அதைவிட நெடுநாள் நிற்பது ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். டபிள்யூ2 என்றால் உலோகத்தில் 20 முதல் 60 சதவீதம் துருவாகிவிட்டது. டபிள்யூ3 என்றால் 60 முதல் 95. டபிள்யூ4 என்றால் உலோகமே ஏறத்தாழ மிச்சமில்லை. அப்போதும் ஆலிவின் கெடாமல் இருக்கும். டபிள்யூ5இல்தான் அது கரையத் தொடங்கும். ஆகவே உலோகத்தை அளந்து குடும்பம் சொல்லும் எந்தச் சோதனையும் பாலைவனக் கல்லில் தவறிப்போகலாம். ஆலிவினை அளப்பது தவறாது. கீழே வருவதையெல்லாம் இந்த ஒரு தட்டில் வைத்துத்தான் நிறுக்கிறேன்.

எல்லோர் கையும் முதலில் தேடுவது காந்தத்தை. கேம்பிலும் யாரோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு வந்துவிட்டார்களாம். வேண்டாம் என்று உடனே போன் போட்டுத் தடுத்தேன். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. விண்கல்லுக்குள் இருக்கும் உலோகமும் காந்தக் கனிமங்களும், அது பிறந்த இடத்தின் பழைய காந்தப்புலத்தைப் பதிவாக வைத்திருக்கும். வலுவான காந்தத்தை ஒருமுறை தொடவைத்தால் அந்தப் பதிவு அழிந்து, காந்தத்தின் பதிவு ஏறிவிடும். சஹாராவில் கிடைத்த 'நார்த் வெஸ்ட் ஆப்பிரிக்கா 7034' செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கல். அதிலுள்ள சில துகள்கள் 440 கோடி ஆண்டுக்கு முந்தியவை. செவ்வாயின் தொடக்கக் காலக் காந்தப்புலத்தைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. கண்டெடுத்தவர்களும் விற்றவர்களும் காந்தம் வைத்துப் பார்த்ததில் அந்தச் சாட்சியம் அதன் துண்டுகளிலிருந்து அழிந்துபோயிற்று. இத்தனை இழந்து காந்தம் தரும் பதில் 'உள்ளே இரும்பு இருக்கிறது' என்பது மட்டும்தான். அதைச் சாதாரண திசைகாட்டி ஊசியே சொல்லும். கல்லைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊசி அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

காந்தம் ஒட்டவில்லை என்பதால் விண்கல் இல்லை என்றும் ஆகிவிடாது. அதே ஓமனில் 2002இல் கிடைத்த சய்ஹ் அல் உஹைமிர் 169 நிலாவிலிருந்து வந்தது, 206 கிராம். நிலாக் கல்லில் உலோகம் மிகக் குறைவு. காந்தத்தை மட்டும் நம்பினால் அப்படிப்பட்ட கல்லைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்போம்.

கண்ணால் பார்ப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெல்லிய கறுப்பு மேல்தோல், கட்டைவிரலால் அழுத்தியதுபோன்ற குழிகள், அளவுக்கு மீறிய கனம், உடைந்த முகத்தில் உருண்டை உருண்டையாகச் சிறுமணிகள் இருந்தால் நம்பிக்கை கூடும். ஜித்தத் அல் ஹராசிஸில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. தரை முழுக்க வெளிர் சுண்ணாம்புக்கல், ஆகவே கறுப்பாக ஒன்று கிடந்தால் அது அந்த இடத்துக் கல் இல்லை. எங்கள் ஊரில் கதை வேறு. இங்கே ஆறு கொண்டுவந்த வண்டலைத் தவிர வேறு கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. குளம் தூர்வாரும்போது கிடைத்த கறுப்புக் கல்லை விண்கல் என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாமே பழைய கொல்லுப்பட்டறையின் இரும்புச் சிட்டம். உடைத்துப் பார்த்தால் உள்ளே காற்றுக்குமிழி தெரியும். விண்கல்லில் அப்படிக் குமிழி இருப்பது மிக அபூர்வம்.

அடுத்தது காந்த ஏற்புத்திறன் மானி, கல் எவ்வளவு காந்தமேறும் என்று அளப்பது. கைக்கு அடக்கமான கருவி, கல்லை வெட்டவேண்டாம், அதன் புலம் மிக மெலிது என்பதால் பழைய பதிவுக்குச் சேதமில்லை. சில நொடிகளில் ஓர் எண் வரும். எடையைச் சேர்த்து மடக்கை அளவில் கணக்கிட்டால், விழுந்தவுடன் எடுத்த ஹெச் கற்கள் 5.3 சுற்றிலும், எல் 4.9 சுற்றிலும், எல்எல் 4.1 சுற்றிலும் நிற்கும். அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கான கல்லை ஒரே நாளில் பிரித்துப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. பாலைவனக் கல்லுக்கு மட்டும் இதை ஒற்றைச் சாட்சியாக ஏற்கக் கூடாது என்பேன். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத மானி 17 சதவீதம் காட்டினால் மூட்டையை எடுத்துக்கொள்வார்கள். அந்த மானி ஈரத்தைச் சொல்லும், நெல் பொன்னியா குண்டு ரகமா என்று சொல்லாது. அதுபோலத்தான் இந்த மானியும். மிச்சமிருக்கும் உலோகத்தை அளக்குமே தவிர, முதலில் எவ்வளவு இருந்தது என்பது அதற்குத் தெரியாது. உலோகத்தில் பாதிக்கு மேல் துருவான ஹெச் கல், மானியில் எல் கல்லாகத் தெரியும். அதுவே எல் கல்லானால் எல்எல் பக்கம் இறங்கிவிடும்.

நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று அக்கா கேட்டாள். கும்பகோணத்தில், தஞ்சாவூரில் அந்த இயந்திரம் இல்லாத பெரிய கடை இல்லை. நிக்கல் இருக்கிறதா என்று ஓரளவு காட்டும்தான். ஆனால் அது தங்கம், வெள்ளி, செம்பு, துத்தநாகத்துக்காகப் பழக்கப்படுத்தியது. மெக்னீசியமும் சிலிக்காவும் நிறைந்த கல்லை வைத்தால், தான் அறிந்த உலோகங்களை மட்டும் கூட்டி நூறு சதவீதமாக்கிக் காட்டும். மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு மட்டும்தான் அதன் பார்வை. பாலைவனக் கல்லின் மேற்பரப்பிலோ தரையிலிருந்து ஏறிய கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம் படிந்திருக்கும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாரும் வகை சொல்லக் கூடாது.

இனி கல்லை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டுவதென்றால் எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது: கண்ணாடித் தகட்டில் ஒட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, துருவமுனைப்பு நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது. ஜியாலஜித் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் இது நடக்கும். கோண்ட்ரைட்டை முதல்முறை அப்படிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருட்டில் வண்ண உருண்டைகள் மிதக்கின்றன. ஒன்றில் ஆலிவின் பட்டை பட்டையாக நிற்கிறது. இன்னொன்றில் பைராக்சின் என்ற வேறொரு கனிமம் ஒரு முனையிலிருந்து பனையோலை விசிறிபோல் விரிகிறது. சூரியக் குடும்பம் தொடங்கியபோது, இன்றைக்கு ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்வெளியில் உருகிய துளிகள் உறைந்து உண்டான மணிகள் இவை. மேடையைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணையும். மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்பார்கள்.

அழகைத் தள்ளிவைத்தாலும் இந்தச் சில்லு தரும் பதில்கள் அதிகம். மணியின் விளிம்பு கூர்மையாக, இடையில் கண்ணாடிப் பொருள் மிச்சமிருந்தால் 3. விளிம்பு கலங்கி, மணி எங்கே முடிகிறது என்றே தெரியாமல், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் துகள் 50 மைக்ரானுக்கு (0.05 மில்லிமீட்டர்) மேல் வளர்ந்திருந்தால் 6. ஆலிவின் ஒரே சீராக அணையாமல் அலை அலையாக அணைந்தால் எஸ்2. தளத் தளமாக விரிசல் விட்டிருந்தால் எஸ்3. துண்டு துண்டாக ஒளிர்ந்தால் எஸ்4. ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியாக மாறியிருந்தால் எஸ்5. மெருகிட்ட சில்லை எதிரொளியில் வைத்தால், உலோகத்தைச் சுற்றித் துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். நான்கு கேள்வியில் மூன்றுக்கு விடை கிடைத்தாயிற்று. ஹெச், எல், எல்எல் என்ற குடும்பப் பெயர் மட்டும் இதில் உறுதியாக வராது.

குடும்பப் பெயருக்கு ஆலிவினைத்தான் கேட்கவேண்டும். ஆலிவினில் மெக்னீசியம் உட்காரும் இடத்தில் இரும்பும் உட்காரும். நூறு இடத்தில் இரும்பு எத்தனை என்று எண்ணினால், ஹெச் கல்லில் 16 முதல் 20, எல் கல்லில் 22 முதல் 26, எல்எல்லில் 27 முதல் 32. நடுவில் இடைவெளி இருப்பதால் குழப்பம் குறைவு. இதை அளக்க இரண்டு வழி இருக்கிறது.

மலிவான வழி எண்ணெய். இம்மி அளவு பொடியை, ஒளிவிலகல் எண் தெரிந்த எண்ணெயில் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். துகளின் விளிம்பு எந்த எண்ணெயில் மறைகிறதோ அந்த எண்ணெயின் எண்ணே ஆலிவினின் எண். அதிலிருந்து இரும்பின் பங்கு வந்துவிடும். பழைய முறை என்று ஒதுக்கவேண்டாம். அண்டார்டிகாவிலிருந்து ஆண்டுதோறும் வந்து குவிந்த சாதாரண கோண்ட்ரைட்டுகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் நெடுங்காலம் இப்படித்தான் பிரித்தது. மிகச் சில மில்லிகிராம் போதும்.

உறுதியான வழி எலக்ட்ரான் மைக்ரோபுரோப். மெருகிட்ட சில்லின்மேல் ஒரு மைக்ரான் அளவுக்கு எலக்ட்ரான் கற்றையைக் குவித்து, எழும் எக்ஸ்ரேயிலிருந்து ஒவ்வொரு தனிமத்தையும் அளக்கும். ஆலிவின் மட்டுமல்லாமல் பைராக்சினும் அளந்து ஒன்றுக்கொன்று சரிபார்த்துக்கொள்ளலாம். பைராக்சினில் இதே இரும்புக் கணக்கு ஹெச் கல்லில் 18க்குக் கீழே, எல் கல்லில் 19 முதல் 22. கோண்ட்ரைட்டே இல்லையென்று தெரிந்தாலும் இதே அளவீடு வீணாகாது. இரும்புக்கும் மாங்கனீசுக்கும் உள்ள விகிதம் நிலா, செவ்வாய், வெஸ்டா என்ற சிறுகோள் என்று வேறு வேறாக இருக்கும். புதிய விண்கற்களுக்குப் பெயர் வழங்கும் மீட்டியரிட்டிக்கல் சொசைட்டியின் பெயரிடும் குழுவுக்குப் பெரும்பாலும் போவது இந்தத் தரத்து அளவீடுதான். பதிவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை அங்கீகரித்த நிறுவனத்தில் மாதிரியாக வைத்துவிடவேண்டும். 430 கிராம் கல்லுக்கு 20 கிராம். 50 கிராம் கல்லாக இருந்தால் 10 கிராம். செலவு, காத்திருப்பு எல்லாம் சேர்த்தும், பாலைவனக் கல்லுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அது எனக்கு நெருக்கமானதும்கூட. 3 என்ற எண் பெறும் வேகாத கல்லில் ஒவ்வொரு மணியும் தன் ஆலிவினைத் தன் போக்கில் வைத்திருக்கும். பக்கத்துப் பக்கத்து மணியிலேயே 2ம் வரும், 30ம் வரும். சராசரி எடுத்தால் பொருளில்லை. அங்கே மணியின் பருமனையும் மிச்ச உலோகத்தில் கோபால்ட் எவ்வளவு என்பதையும் பார்த்துத்தான் குடும்பம் சொல்லமுடியும். உலோகத்தை நம்பாதே என்று இவ்வளவு நேரம் சொன்னவன், அந்த ஒரு இடத்தில் உலோகத்திடமே போகவேண்டியிருக்கிறது. 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைச் சீமையில் விழுந்த, பர்னல்லீ என்று அட்டவணையில் பெயர்கொண்ட 77 கிலோ விண்கல் அப்படிப்பட்ட எல்எல்3. விழுந்ததைப் பார்த்தே எடுத்ததால் அதன் உலோகம் பிழைத்தது. அதே கல் பாலைவனத்தில் இருபதாயிரம் ஆண்டு கிடந்திருந்தால் பிரிப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆக்சிஜன் ஐசோடோப் சோதனையும், அதாவது எடை வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை அளப்பதையும், கேட்டான் பையன். ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் வேண்டும், உலகத்தில் சில ஆய்வகங்களில்தான் நடக்கும். கோண்ட்ரூல் என்ற அந்த உருண்டை மணிகள் இல்லாத, எந்தக் கூட்டிலும் சேராத கல்லுக்கு அது கட்டாயம். தெளிவான ஹெச் அல்லது எல் கல்லுக்கு வேண்டாம். நிலாக் கல்லானாலும் அது மட்டும் போதாது, ஏனென்றால் நிலாவின் ஆக்சிஜனும் பூமியின் ஆக்சிஜனும் ஒரே கோட்டில் வருபவை.

இப்போது இரண்டாம் கேள்வி. எங்கே கொண்டுபோவது?

பையில் போட்டு ஊருக்கு எடுத்துவருவதை ஒரேயடியாக வேண்டாம் என்றேன். ஓமனில் விண்கல் நாட்டின் பாரம்பரியச் சொத்து; அனுமதியில்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, கல்லுக்கும் இந்த ஊர் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. பல ஆயிரம் ஆண்டு காய்ந்த காற்றில் தாக்குப்பிடித்த உலோகம் எங்கள் வீட்டு அலமாரியில் சில மழைக்காலத்திலேயே உப்பிப் பிளந்துவிடும். இந்திய மண்ணில் விழுந்த கல்லென்றால் பேச்சு வேறு. அதைக் கொல்கத்தாவில் உள்ள இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையிடம் ஒப்படைக்கவேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

வியாபாரியிடம் விற்பது இன்னொரு வழி. கேம்பில் அதற்கும் ஆள் இருந்தார்களாம். அப்படிப் போகும் கல் இடம் தெரியாத கல்லாகிவிடும். கை மாறி மாறி கடைசியில் வேறு தேசத்துப் பெயரில் ஏதோ ஒரு எண் ஏறும். இடம் போய்விட்டால் எவ்வளவு நல்ல மைக்ரோபுரோப்பாலும் அதைத் திருப்பித் தரமுடியாது. அதே ஜித்தத் அல் ஹராசிஸில் 073 என்ற எண் பெற்ற எல்6 கல் ஒரே வீழ்ச்சியில் ஆயிரக்கணக்கான துண்டாகி, 19 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடந்தது. எங்கள் பையனின் கல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா, தனியா என்பதைச் சொல்ல வகை மட்டும் போதாது. எந்த இடத்தில் கிடந்தது என்பதும் வேண்டும்.

ஆகவே மூன்றாம் வழிதான் சரி. 2001 முதல் பெர்ன் பல்கலைக்கழகமும் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் ஓமன் அரசோடு சேர்ந்து அந்தப் பாலைவனத்தைத் தேடி, கண்டெடுத்ததை வகைப்படுத்திவருகின்றன. நான் மேலே சொன்ன சில்லு, மைக்ரோபுரோப் எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. பாரம்பரிய, சுற்றுலா அமைச்சகத்தின் வழியாக ஒப்படைத்தால் கல் போகவேண்டிய கைக்குப் போகும். கல் கையைவிட்டுப் போகும் என்பது உண்மைதான். பையனுக்கு அதில் வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் குடும்பமும் மூன்று எண்ணும் சரியாக வரவேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒப்படைக்கும் வரை என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். கல் கிடந்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஜி.பி.எஸ். எண்ணை ஐந்து தசம இடம் வரை குறித்துக்கொள். எந்தப் பக்கம் மண்ணில் இருந்தது, எந்தப் பக்கம் வெயிலில் இருந்தது என்று படத்தில் காட்டு. கழுவாதே, துடைக்காதே, எண்ணெய் தடவாதே. கையுறை போட்டு எடுத்து அலுமினியத் தாளில் சுற்று, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பக்கத்தில் வை. இருநூறு மீட்டர் சுற்றளவுக்கு நடந்து வேறு துண்டு கிடக்கிறதா பார். கிடந்தால் எடுக்காமல் படமும் எண்ணும் மட்டும் எடு.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை. சாயங்காலம் பதில் வந்தது. நாற்பது அடி தள்ளி இன்னொரு துண்டு, நெல்லிக்காய் அளவில், உடைந்த முகம் மேலே பார்த்தபடி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துருவின் நடுவே இரண்டு மூன்று உருண்டை மணிகள், விளிம்பு சற்றே தெளிவாக.